கட்சி வாசலால் வராதவர்கள்

அர்ஜுன ரணதுங்க 2001இல் பாராளுமன்றம் போனார். சனத் ஜயசூரிய 2010இல், கிரிக்கெட்டிலிருந்து முற்றாக விடைபெறும் முன்பே, மாத்தறையிலிருந்து போனார். இருவரும் போனது கட்சி வாசலால். ஊரிலிருந்து வந்த எங்கள் தலைமுறைக்கு விளையாட்டு வீரர் அரசியலுக்கு வருவது என்றால் இதுதான் படம்: வீரர் தன் பெயரைக் கட்சிக்குக் கொடுப்பார், கட்சி அவருக்கு ஓர் ஆசனம் கொடுக்கும். அவுஸ்திரேலியாவில் இன்னொரு வழியும் உண்டு. அந்த வழியின் வரலாறு எங்கள் மக்களின் கதையை ஓரிடத்தில் வெட்டிச் செல்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அதன் தொடக்கத்தை மெல்பேர்ணில் வைக்கலாம். 1968 ஒக்டோபர் 16, மெக்சிக்கோ ஒலிம்பிக். 200 மீற்றரில் வெள்ளி வென்ற மெல்பேர்ண்காரர் பீற்றர் நோர்மன், ரொமி ஸ்மித்தும் ஜோன் கார்லொஸும் மேடையில் முட்டி உயர்த்தியபோது, அவர்கள் அணிந்திருந்த மனித உரிமைச் சின்னத்தைத் தன் நெஞ்சிலும் குத்திக்கொண்டு நின்றார். தகுதி நேரத்தைப் பலமுறை ஓடியிருந்தும் 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்கு அவர் அனுப்பப்படவில்லை. அது தண்டனை அல்ல என்பது ஒலிம்பிக் குழுவின் நிலைப்பாடு. 2006இல் அவர் இறந்தபோது ஸ்மித்தும் கார்லொஸும் வந்து சவப்பெட்டியைத் தோளில் சுமந்தார்கள். பாராளுமன்றம் மன்னிப்புக் கேட்டது 2012இல். அவர் ஓடிய 20.06 செக்கன் தேசிய சாதனையாக 56 வருடம் நின்றது. 2024 டிசம்பரில் அதை முறியடித்தவர் தென்சூடானியப் பெற்றோருக்குப் பிறந்த 16 வயதுப் பையன், கவுட் கவுட்.

நோர்மனுக்குக் கிடைக்காத இடம் பிறகு வந்தவர்களுக்குக் கிடைத்தது. ஸலி ஸ்ரெகல் சிட்னியின் மான்லியில் பிறந்தவர். 1998 நகானோ ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் வெண்கலமும், அடுத்த வருடம் உலகச் சாம்பியன் பட்டமும் வென்றார். பிறகு சட்டத்தரணியானார். 2019 மே தேர்தலில் வொரிங்கா தொகுதியில் சுயேச்சையாக நின்று, 25 வருடம் அந்த ஆசனத்தை வைத்திருந்த முன்னாள் பிரதமர் ரொனி அபொட்டைத் தோற்கடித்தார்.

பதக்கத்தின் புகழ் மட்டும் இதைச் செய்யவில்லை. இங்கே வாக்குச்சீட்டில் எல்லா வேட்பாளருக்கும் 1, 2, 3 என்று இலக்கமிட வேண்டும். கடைசியில் இருப்பவர் விழ விழ, அவருடைய வாக்குகள் அடுத்த விருப்புக்குப் போகும். இலங்கையில் இந்த இரண்டாம் எண்ணிக்கையை 2024 ஜனாதிபதித் தேர்தலில்தான் முதன்முதலாகப் பார்த்தோம். இங்கே அது நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம். ஸ்ரெகலுக்கு முதல் விருப்பில் கிடைத்தது 43 வீதம், அபொட்டுக்கு 39. தொழிற்கட்சி, பசுமைக் கட்சி வாக்குகள் வந்து சேர, முடிவில் 57 வீதம். தொகுதி மக்கள் கூடிப் பேசி, தங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதி, வேட்பாளரையும் தாங்களே தேடும் முறையை 2013இல் விக்ரோறியாவின் இண்டி தொகுதியில் கதி மக்கவன் வென்றபோது நாடு பார்த்திருந்தது. அது இப்போது நகரத்துக்கு வந்தது.

அபொட் தோற்ற இரவில் பல தமிழ் வீடுகளில் தொலைபேசி அடித்தது. காரணம் சொல்லத் தேவையில்லை. படகுகளை நிறுத்துவேன் என்று 2013இல் ஆட்சிக்கு வந்தவர் அவர். 2014இல் பாண்டிச்சேரியிலிருந்து புறப்பட்ட 157 தமிழர்களை அவருடைய அரசு ஏறக்குறைய ஒரு மாதம் கப்பலிலேயே அடைத்து வைத்தது. பிறகு நவுறுவுக்கு அனுப்பியது.

ஆனால் வொரிங்கா மக்கள் அவரை அனுப்பி வைத்தது எங்களுக்காக அல்ல. காலநிலை மாற்றம்தான் அந்தத் தேர்தலின் பேச்சு. அபொட் எதிர்த்த ஒருபால் திருமணத்துக்கு 2017இல் அவருடைய தொகுதியே 75 வீதம் ஆம் என்று சொல்லியிருந்தது. அதே இரவில் அவருடைய கட்சி மீண்டும் ஆட்சியமைத்தது. படகுக் கொள்கை அசையவில்லை.

எங்களைத் தொட்ட நாள் அதற்கு மூன்று மாதம் முன்பு, 2019 பெப்ரவரி 12. அன்று மெல்பேர்ண் விமான நிலையத்தில் ஹக்கீம் அல்-அறைபி வந்திறங்கினார். பஹ்ரெயினிலிருந்து தப்பி வந்து இங்கே அகதியாக ஏற்கப்பட்ட கால்பந்து வீரர். தாய்லாந்தில் 76 நாள் அடைபட்டிருந்தவர். அவருக்காக ஃபிஃபாவின் சூரிச் தலைமையகம் வரை போனவர், முன்னாள் தேசிய அணித் தலைவர் கிறெய்க் ஃபொஸ்ரர்.

அதே நாள் கன்பராவில் மெடிவாக் திருத்தம் 75க்கு 74 என்று நிறைவேறியது. நவுறுவிலும் மானுஸிலும் நோயுற்றிருந்தவர்களை இரண்டு மருத்துவர்களின் பரிந்துரையில் இங்கே கொண்டுவர வழிசெய்த சட்டம் அது. அதன் பின்னால் இருந்தவர் வெண்ட்வேர்த் தொகுதியின் சுயேச்சை உறுப்பினர், மருத்துவர் கெரின் ஃபெல்ப்ஸ். ஏறக்குறைய 190 பேர் வந்து சேர்ந்தார்கள். அந்தத் தீவுகளில் இருந்தவர்களில் தமிழரும் உண்டு. டிசம்பர் 4இல் செனற் 37க்கு 35 என்று அதை நீக்கியது. ஒரே வருடத்தில் ஒரு வாக்கு வந்ததையும், இரண்டு வாக்கு போனதையும் பார்த்தோம்.

2022இல் றக்பி வீரர் டேவிட் போக்கொக் கன்பராவிலிருந்து செனற்றுக்குப் போனார். 2014இல் நிலக்கரிச் சுரங்கமொன்றில் இயந்திரத்தோடு தன்னைப் பிணைத்துக்கொண்டு கைதானவர். 1975 முதல் இரு பெரிய கட்சிகளும் ஒவ்வொன்றாகப் பங்கிட்டு வந்த ஆசனங்களில் ஒன்றைப் பிடித்தார். தொழிற்கட்சிக்கு 26, பசுமைக் கட்சிக்கு 12. சட்டமொன்று நிறைவேற 39 வேண்டும். குறைந்த அந்த ஒன்று பல தடவை அவராக இருந்தார்.

இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் பலர் கழக அணிகளில் ஆடுகிறார்கள். அரசியல் வேண்டாம், விளையாட்டைப் பார் என்று வீட்டில் சொல்கிறோம். நாடு விட்டு ஓடிவந்தவர்களின் பயம் அது, நியாயமானது. ஆனால் ஃபொஸ்ரரோ போக்கொக்கோ இரண்டையும் பிரிக்கவில்லை. மேற்கு சிட்னியில் தமிழர் நெருங்கி வாழும் தொகுதிகளில், கட்சி வேட்பாளர் கோயில் திருவிழாவுக்கு வந்து பொன்னாடை ஏற்றுப் போவதோடு எங்கள் அரசியல் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வொரிங்காவில் அவர்கள் செய்தது வேறு. முதலில் கோரிக்கையை எழுதினார்கள், பிறகு ஆளைத் தேடினார்கள். எங்கள் கோரிக்கைத் தாளில் என்ன இருக்கும் என்று இனி ஒரு மண்டபத்தில் கூடிப் பேசத் தொடங்கலாம். அதற்கு ஒலிம்பிக் பதக்கம் தேவையில்லை.