ஒரே அறைக்குள் ஆறரை மணித்தியாலம்

போன விடுமுறையில் எங்கள் வாடகை அறைக்கு ஒரு பழைய லப்டொப் வந்து சேர்ந்தது. எங்களுக்கு முந்தின அணி அண்ணாக்களும் அக்காக்களும் மூன்று வருடமாகக் கிராமம் கிராமமாகத் திரிந்து எடுத்த நாட்டுக்கூத்துப் பதிவுகள் எல்லாம் அதற்குள்தான். ஒலியும் காணொளியுமாக 120 ஜிகாபைட். பாடிக் காட்டிய அண்ணாவியார்மாரில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. வேறு எங்கும் பிரதி இல்லை.

லப்டொப்பின் யூஎஸ்பி போர்ட் ஒன்றும் வேலை செய்யவில்லை. ரெண்டு மணித்தியாலம் ஓடினால் சூடாகித் தானாக நின்றுவிடும். நின்றால் திரும்ப உயிர் வருமா என்பது ஒவ்வொரு முறையும் சந்தேகம். வைஃபை வழியாக எங்கள் லப்டொப்புக்குக் கொப்பி போட்டோம். செக்கனுக்கு 5 மெகாபைட். கணக்குப் பார்த்தால் ஆறரை மணித்தியாலத்துக்கும் மேல். ரெண்டு லப்டொப்பும் ஒரே மேசையில் இருக்கின்றன. பிறகு ஏன் இவ்வளவு நேரம்? கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த வழி, வரலாற்றைத் தேடுவதுதான்.

அந்த வரலாறு ஹவாய்த் தீவுகளில் தொடங்குகிறது. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சனும் கூட்டாளிகளும் தீவுகளுக்கு இடையே கணினித் தகவலை வானொலி அலையில் அனுப்பினார்கள். அதன் பெயர் அலோஹாநெற். அதில் விதி மிக எளிது: அனுப்ப நினைத்தவுடன் அனுப்பு, போய்ச் சேர்ந்த பதில் வராவிட்டால், கொஞ்சநேரம் பொறுத்துத் திரும்ப அனுப்பு. ஆனால் ரெண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இருவரின் பேச்சும் குழம்பிவிடும். அப்படி ஒரு பாதையில் அதிகபட்சம் 18 வீதமளவுதான் உருப்படியாகப் பயன்படும் என்று ஏப்ரம்சனின் கணக்குக் காட்டியது. மிச்சம் மோதலிலும் சும்மா கிடப்பதிலும் போய்விடும்.

அந்த ஆய்வைப் படித்தவர்களில் ஒருவர் ரொபேர்ட் மெற்காஃப். கலிபோர்னியாவில் ஜெரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில், ஒரு கட்டடத்துக்குள் இருந்த கணினிகளைத் தமக்குள்ளும் லேசர் பிரிண்டரோடும் இணைக்க வேண்டியிருந்தது. 1973 மே 22இல் அவர் எழுதிய குறிப்பில்தான் ஈதர்நெற் என்ற பெயர் வருகிறது. டேவிட் பொக்ஸோடு சேர்ந்து அதைக் கட்டினார். ஹவாயின் விதியில் அவர்கள் செய்த திருத்தம், எங்கட வீடுகளில் பெரியாக்கள் சொல்லித் தருவதுதான்: முதலில் காது குடு, பிறகு கதை. வேறு யாரும் பேசாதபோது மட்டும் பேசு. மோதினால் உடனே நிறுத்து. திரும்பத் திரும்ப மோதினால் இன்னும் கூடுதலாகப் பொறு. வேகம் செக்கனுக்கு 2.94 மெகாபிட். 1980இல் ஜெரொக்ஸ், இன்டெல், டிஜிற்றல் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து அதை 10 மெகாபிட்டாக வெளியிட்டன.

ஆனால் அந்த 10 மெகாபிட் ஒவ்வொருவருக்கும் 10 அல்ல. ஒரே வயரில் இருந்த எல்லோருக்கும் சேர்த்துத்தான். 1990களில் சுவிட்ச் பரவிய பிறகுதான் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனி வழி கிடைத்தது. ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடிந்தது. மோதலே இல்லாமல் போனது. அதோடு வயரின் வேகமும் ஏறியது: 1995இல் 100 மெகாபிட், 1999இல் சாதாரணச் செம்பு வயரிலேயே 1000.

இந்த இடத்தில்தான் எங்கள் வைஃபையின் கதை விளங்கியது. 1997இல் 2 மெகாபிட்டோடு வந்த வைஃபை இன்று எத்தனையோ மடங்கு வேகம். என்றாலும் அது இன்னும் ஹவாய்க் காற்றில்தான் இருக்கிறது. ஒரு சனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். பக்கத்து அறைப் போனும் கீழ்வீட்டு டீவியும் அதே வரிசையில் நிற்கும். ரெண்டு லப்டொப்பும் வைஃபையில் இருந்தால், ஒவ்வொரு துண்டும் பழைய லப்டொப்பிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து புதியதற்கு இன்னொருமுறை என்று காற்றில் ரெண்டு தரம் போக வேண்டும். வேகம் பாதியாகிறது.

நாங்கள் விட்ட இன்னொரு பிழையும் வரலாற்றில் இருந்தது. கெதியா முடியும் எண்டு நினைச்சு நாலு ஃபோல்டரை ஒரே நேரத்தில் கொப்பி போட்டிருந்தோம். அது இன்னும் மந்தமானது. 1986 ஒக்டோபரில் கலிபோர்னியாவில் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 யார் தூரத்தில், செக்கனுக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டுக்கு விழுந்தது. தாமதமானதைத் தொலைந்துவிட்டதாக நினைத்துக் கணினிகள் திரும்பத் திரும்ப அனுப்ப, நெரிசல் மேல் நெரிசல். வான் ஜேக்கப்சன் 1988இல் எழுதிய கட்டுரையில் தந்த தீர்வு: மெதுவாகத் தொடங்கு, பதில் வர வரக் கூட்டு, இழப்பு வந்தால் உடனே குறை. இன்ரர்நெற் இன்றும் அந்த எண்ணத்தில்தான் ஓடுகிறது. எங்கள் நெரிசல் வேறு வகை; காற்றில் மட்டுமல்ல, பழைய ஹார்ட் டிஸ்க்கின் ஊசியும் நாலு இடத்துக்கு ஓடித் திரிந்தது. பாடம் ஒன்றுதான். மூன்றை நிறுத்தி ஒன்றை விட்டோம்.

அடுத்தது வயர். ரவுட்டர்ப் பெட்டியோடு வந்த பழைய வயரால் ரெண்டு லப்டொப்பையும் நேரடியாகக் கொழுவினோம். செக்கனுக்கு 11 மெகாபைட். பரவாயில்லை, ஆனால் இன்னும் மூன்று மணித்தியாலம் வேண்டும். லப்டொப் ரெண்டில் நின்றுவிடும். ரெண்டிலும் ஜிகாபிட் போர்ட் இருந்தும் திரையில் இணைப்பு வேகம் 100 மெகாபிட் என்றே காட்டியது. எட்டால் பிரித்தால் 12.5 மெகாபைட், நாங்கள் கண்ட 11 அந்த எல்லைக்குள்தான். அப்ப பழுது எங்க?

வயரின் நுனியில் இருக்கும் கண்ணாடி பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். எட்டு நிறக் கம்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் நாலுதான் இருந்தன. 1995இன் 100 மெகாபிட்டுக்கு நாலு கம்பி போதும். 1999இன் ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நாங்கள் 1995இலேயே நின்றிருந்தோம்.

சந்திக் கடையில் எட்டுக் கம்பியுள்ள வயர் ஒன்று வாங்கி வந்தோம். 70 மெகாபைட்டுக்கு ஏறியது. அதற்கு மேல் போகவில்லை. இப்போது தடை வயரில் இல்லை, பழைய டிஸ்க்கில். அது போதும். பெரிய பதிவுகளை முதலில் விட்டோம். ஆயிரக்கணக்கான சின்னப் படங்களைக் கடைசிக்கு வைத்தோம். ஏனென்றால் ஒவ்வொரு கோப்பையும் திறக்க, மூட என்று ரெண்டு கணினியும் தனியாகக் கதைக்க வேண்டும், அந்தக் கதையிலேயே நேரம் போய்விடும்.

பதிவுகள் அரை மணித்தியாலத்தில் வந்து முடிந்தன. சரியாக வந்ததா என்று பார்க்க ஒன்றைத் திறந்தோம். பாட்டு இல்லை. கதிரை இழுபடும் சத்தம், ஒரு செருமல், பிறகு அந்த அண்ணாவியாரின் குரல்: “தம்பி, பதியுதோ?”

பதிஞ்சிருக்கு ஐயா. இப்ப மூண்டு இடத்தில வைச்சிருக்கிறம்.