பண்பாடு என்று சொல்லும்போது

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணந்துகொள்ளலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் திண்டுக்கல்லில் என் வயது நண்பர்கள் பலர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது." கருத்து வேறுபடலாம். ஆனால் பண்பாட்டைச் சாட்சிக்கு அழைத்தால் வரலாற்றையும் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா?

முதலில் 377-ஆம் பிரிவு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வரைவைத் தொடங்கியவர் மெக்காலே. சட்டம் 1860-இல் நிறைவேறி, 1862 முதல் நடைமுறைக்கு வந்தது. எழுதியவர்கள் நம் முன்னோர் அல்லர். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரான்சில் 1791-லேயே இதைக் குற்றப் பட்டியலிலிருந்து விட்டுவிட்டார்கள். இந்தியத் தண்டனைச் சட்டம் புதுச்சேரிக்கு வந்தது 1963 அக்டோபர் 1-இல்தான். அதுவரை கடலூரில் 377 உண்டு, பக்கத்துப் பாகூரில் இல்லை. இரண்டு ஊரிலும் பேசியது ஒரே தமிழ். இங்கிலாந்தே 1967-இல் தன் சட்டத்தைத் தளர்த்திவிட்டது. நாம் 2018 செப்டம்பர் 6 வரை அவர்கள் போட்ட சட்டையைக் கழற்றாமல், நம்முடையது என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அடுத்தது திருமணம். 1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் சுயமரியாதைத் திருமணம் நடத்தி வைத்தார். புரோகிதர் இல்லை, அக்கினி இல்லை. அன்றும் எழுந்தது இதே பண்பாட்டுக் கூக்குரல்தான். 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மணம் சட்டப்படி செல்லாது என்றது. அப்படி மணந்தவர்களின் மனைவி மனைவியா, பிள்ளைகளுக்குச் சொத்து உண்டா என்ற கேள்வி பல வீடுகளில் கனத்தது. அண்ணா ஆட்சியில் 1967-இல் நிறைவேறிய திருத்தம்தான், முன்பு நடந்த மணங்களையும் சேர்த்து, அதைத் தீர்த்தது. என் நண்பர்களில் சிலர் அப்படி மாலை மாற்றிக்கொண்டவர்கள். தங்களை எதிர்த்த அதே வாதத்தை இன்று அவர்களே எடுத்து வீசுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

2019-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, திருநங்கையும் 'மணமகள்'தான் என்று தீர்ப்பளித்து, தூத்துக்குடித் தம்பதியின் திருமணத்தைப் பதிவு செய்யச் சொன்னது. நம் திண்டுக்கல்லும் அந்தக் கிளையின் எல்லைக்குள்தான் வருகிறது. ஒருபால் திருமணம் இதிலிருந்து வேறு. அதற்கு உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17-இல் இசையவில்லை. சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்றது.

குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவனுக்கு இது வெறும் தத்துவம் அல்ல. அரசு ஊழியர் இறந்தால் குடும்ப ஓய்வூதியம் முதலில் போவது கணவருக்கோ மனைவிக்கோ. இருபது முப்பது ஆண்டு ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்ட இரண்டு பெண்களில் ஒருவர் இறந்தால், மற்றவர் அந்தப் படிவத்தில் தன்னை என்னவென்று எழுதுவார்? அலுவலகத்தின் கண்ணுக்கு அவர் யாரோ ஒருவர்.

வேண்டாம் என்பவர்கள் வேண்டாம் என்றே சொல்லட்டும். அதற்கான காரணத்தைத் தங்கள் பெயரில் சொல்லட்டும். மெக்காலே எழுதியதைப் பாட்டன் சொத்தாகக் காட்ட வேண்டாம். 1967-இல் கோட்டையில் நமக்குத் திறந்த கதவை, உள்ளே வந்தபின் மற்றவருக்குச் சாத்தவும் வேண்டாம்.