மீட்பு உயரம்: ஒரு பணப்பைக் கணக்கின் வரலாறு

2009 ஜனவரியில் பிட்காயின் தொடங்கியபோது பணப்பை என்பது கணினியில் கிடந்த ஒரு கோப்பு மட்டுமே. புதிய சாவிகள் சேரச் சேர, முன்பு எடுத்துவைத்த நகல் பயனற்றுப் போயிற்று. இக்குறையைத் தீர்க்க வந்த விதைச்சொற்கள், அதாவது எல்லாச் சாவிகளையும் மீண்டும் கணக்கிட்டுத் தரும் சொல்வரிசை, 2013இல் 2048 சொற்பட்டியலுடன் பிப்-39 என்னும் நெறியாக வகுக்கப்பட்டன. ஆயினும் பணப்பை எந்நாளில் பிறந்தது என்பதை அவை சொல்வதில்லை.

2014 ஏப்ரலில் தோன்றிய மொனேரோ என்னும் மின்நாணயத்தில்தான் இது பெருஞ்சிக்கலாயிற்று. அங்கே பெறுநரின் முகவரி, பரிமாற்றங்கள் பிளாக் பிளாக்காகச் சேரும் பேரேடாகிய பிளாக்செயினில் வெளிப்படையாகப் பதியப்படாததால், பணப்பை ஒவ்வொரு வரவையும் தன் பார்வைச் சாவியால் சோதித்தே தன்னுடையதா என்று அறிய வேண்டும். 2016 மார்ச் முதல் இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக, நாளுக்குச் சுமார் 720 பிளாக்குகள் சேர்ந்துவருவதால், முதல் பிளாக்கிலிருந்து தேடுவது வீண்வேலை. ஆகவே, தேடல் தொடங்கவேண்டிய பிளாக்கின் வரிசை எண்ணாகிய ‘மீட்பு உயரம்’ கேட்கப்படலாயிற்று. முதல் வரவுக்குப் பிந்தைய எண்ணைக் கொடுத்தவருக்கு இருப்பு குறைந்தோ, சுழியமாகவோ தெரியும்; பணம் போய்விட்டதென்று பதறுவது இயல்பே எனினும், முந்தைய எண்ணிலிருந்து மறுபடி தேடினால் அது தென்பட்டுவிடும். பின்னாளில் வந்த பாலிசீட் முறை, தன் 16 சொற்களுக்குள்ளேயே பணப்பையின் பிறந்தநாளைத் தோராயமாகப் பொதிந்துவைத்தது.