மால்குடியில் டேனரி ஏன் இல்லை?

என் பிள்ளைகளுக்கும் (பழைய மாணவர்களைத்தான் சொல்கிறேன்) சொந்தபந்தங்களுக்கும் கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரம் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

இல்லாத ஊர் ஒன்றுக்கு இருக்கிற புகழ் நம் நாட்டில் பல நிஜ ஊர்களுக்கு இல்லை. மால்குடியைச் சொல்கிறேன். ஆர்.கே. நாராயண் 1930-ல், பாட்டி பார்த்துச் சொன்ன நல்ல நாளில் ஒரு நோட்டு வாங்கி எழுத உட்கார்ந்தார். முதலில் மனதில் வந்தது ஒரு சின்ன ரயில் நிலையம். பெயர் மால்குடி. மனிதர்கள் பிறகுதான் வந்தார்கள். கிரஹாம் கிரீனின் உதவியால் 1935-ல் லண்டனில் 'சுவாமியும் நண்பர்களும்' வெளிவந்தது. அதன் பிறகு அறுபது வருடத்துக்கு அவர் அந்த ஊரை விடவில்லை. சரயு ஆறு, மெம்பி மலை, மார்க்கெட் ரோடு, கபீர் தெரு, லாலி எக்ஸ்டென்ஷன், ஆல்பர்ட் மிஷன் பள்ளி என்று எல்லாம் அங்கே உண்டு. மல்லேஸ்வரத்தையும் பசவனகுடியையும் ஒட்டித்தான் அந்தப் பெயர் வந்தது என்பார்கள் சிலர். எனக்கு அது பொருத்தி வைத்த கதையாகத்தான் படுகிறது.

நாராயண் பிறந்தது சென்னையில், பாட்டி வீட்டில் வளர்ந்தது புரசைவாக்கத்தில். அப்பா மைசூரில் தலைமை ஆசிரியர். மெட்ராஸிலிருந்து மைசூர் போக ரயில் எந்த வழி? காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை. எத்தனை தடவை நம் ஊரைத் தாண்டிப் போயிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். சின்ன ரயில் நிலையத்துக்கு நம் பக்கத்தில் பஞ்சமும் இல்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடமே நம் வாலாஜா ரோடுதான்.

1986-87-ல் தூர்தர்ஷனில் 'மால்குடி டேஸ்' வந்தபோது எங்கள் தெருவில் டிவி இருந்தது இரண்டு வீட்டில். இந்தி யாருக்கும் புரியாது. ஆனாலும் எல்.வைத்தியநாதனின் அந்த இசை கேட்டதும் ஓடிப்போய் உட்காருவோம். சங்கர் நாக் அதைப் படம்பிடித்தது கர்நாடகத்தின் ஆகும்பேயில், மழை கொட்டுகிற மலைக்காட்டு ஊர். ஓட்டு வீடு, திண்ணை, லட்சுமண் போட்ட கோட்டுப் படங்கள். "எவ்ளோ சுத்தமா இருக்கு பாரு டீச்சர் அந்த ஊரு" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அப்போது எங்கள் வாசலுக்கு வெளியே ஓடிய சாக்கடை எந்த நிறம் என்று எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

மால்குடிக்காரர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று நாவல்களின் பெயரே சொல்லும். ஆங்கில ஆசிரியர் (1945), நிதி ஆலோசகர் (1952), வழிகாட்டி (1958), மிட்டாய் வியாபாரி (1967), போர்டு எழுதுபவர் (1976). எல்லாம் கை அதிகம் அழுக்காகாத தொழில். இந்த வரிசையில் 1961-ல் வந்த 'மால்குடியின் மனிதத் தின்னி' ஒன்றுதான் வேறு மாதிரி. அதில் வாசு என்ற முரடன் அச்சகம் நடத்தும் நடராஜனின் மாடியில் வந்து குடியேறுகிறான். மெம்பிக் காட்டில் மிருகங்களைச் சுட்டு, தோலை உரித்து, பாடம் பண்ணி, பஞ்சடைத்து விற்கிறான். நாற்றம் தாங்காமல் தெருவே புகார் செய்கிறது. கடைசியில் நெற்றியில் உட்கார்ந்த கொசுவை ஓங்கி அடித்துத் தன் கையாலேயே சாகிறான். பஸ்மாசுரன் கதைதான். நாராயண் மிகவும் ரசித்து எழுதியிருக்கிறார், நானும் ரசித்துத்தான் படித்தேன்.

மதிய உணவுக்குப் பிறகு தூக்கம் வராமல் இருக்க நான் கதை சொல்வேன், ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. இந்தக் கதையையும் சொல்லியிருக்கிறேன். தோல் நாற்றம் என்று சொன்னபோது வகுப்பில் ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. "அது என்னா டீச்சர், உப்புத்தோலா சுண்ணாம்புத் தோலா?" என்று கேட்டாள் ஒருத்தி. பாதிப் பேரின் வீட்டில் அப்பாவோ சித்தப்பாவோ டேனரியில். நாராயண் நம்மைக் கேலி செய்தார் என்று சொல்ல வரவில்லை. வாசு எம்.ஏ. படித்தவன், வயிற்றுப்பாட்டுக்காக வந்தவனும் இல்லை. ஆனால் அந்த அமைதியான ஊருக்குள் தோலோடு வருகிறவன் ராட்சசனாக வருகிறான். ஊர் பழையபடி அழகாக வேண்டுமென்றால் அவன் போயாக வேண்டும். ஷூ மட்டும் எல்லோர் காலிலும் இருக்கலாம்!

'சுவாமியும் நண்பர்களும்' கதையில் இன்னொரு இடம். சுவாமி, மணி, ராஜம் மூவரும் சாலையில் ஒரு மாட்டுவண்டியை நிறுத்தி, போலீஸ் மாதிரி மிரட்டுவார்கள். வண்டி ஓட்டி வந்தவனும் அவர்களைப் போல ஒரு பையன்தான். பெயர் கருப்பன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன், "அந்தக் கருப்பன் எந்த ஸ்கூல் டீச்சர்?" என்றான். கதையில் அது இல்லை என்றேன். இதைப் படித்துக்கொண்டிருந்தால் அந்தப் பையனுக்குத் தன்னைத் தெரியும்.

நாராயணுக்கும் இது தெரியாமல் இல்லை. 1955-ல் வந்த 'மகாத்மாவுக்காகக் காத்திருத்தல்' நாவலில் நகராட்சித் தலைவர் தன் மாளிகையை அலங்கரித்து வைத்துக் காத்திருப்பார். காந்தி அதை விட்டுவிட்டுத் துப்புரவுத் தொழிலாளர் குடிசைக்குப் போய்த் தங்குவார். மால்குடிக்குள் அப்படி ஒரு இடம் இருப்பதை நமக்குக் காட்ட காந்தியே வர வேண்டியிருந்தது.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைகளுக்கு மேபெரி தெரிந்திருக்கும். 1960 முதல் 1968 வரை ஓடிய 'ஆண்டி கிரிஃபித் ஷோ'வில் வந்த கற்பனைச் சிற்றூர். துப்பாக்கி வைத்துக்கொள்ளாத ஷெரிஃப், முடிதிருத்தும் கடை, மீன்பிடி ஏரி. வட கரோலினாவில் இருப்பதாகக் கதை. படம்பிடித்தது கலிபோர்னியாவில். தொடர் தொடங்கியது 1960 அக்டோபரில். அதற்கு எட்டு மாதம் முன்பு, அதே வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து எங்களுக்கும் பரிமாறு என்று போராட்டம் தொடங்கியிருந்தார்கள். மேபெரியிலோ அத்தனை வருடத்தில் வசனம் பேசும் கறுப்பினப் பாத்திரம் தேடினாலும் கிடைப்பது அரிது. கிரிஃபித்தின் சொந்த ஊரான மவுன்ட் ஏரிக்கு இன்றும் மேபெரியைத் தேடிச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள்.

நம் பக்கம் வருவோம். ஒரு காலத்தில் இங்கே தோல் பதனிட்டது ஆவாரம்பட்டை, கடுக்காய் வைத்து. வாரக் கணக்கில் ஆகும். 1970-களில் அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுத்தோலாக, ஷூவாக அனுப்பச் சொன்னது. குரோம் வந்தது. வாரக் கணக்கு ஒரு நாளானது. வேலை பெருகியது, ஷூ கம்பெனி பஸ்ஸில் பெண்கள் வரிசையாக ஏறினார்கள், அந்தச் சம்பளத்தில் படித்தவர்கள்தான் உங்களில் பலர். பாலாறும் கிணறும் கெட்டதும் அதே காலம். வேலூர் குடிமக்கள் நலப் பேரவை போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து மாவட்ட டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம், மாசு செய்தவரே இழப்பீடும் தர வேண்டும் என்ற கொள்கை. இன்று சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் படிக்கிற பிள்ளைகள் வேலூர் என்ற பெயரை இந்த வழக்கால்தான் முதலில் படிக்கிறார்கள். சம்பளமும் சாக்கடையும் ஒரே வாசலில் வந்ததை எந்த டிவி தொடரும் எடுத்ததாக நான் பார்த்ததில்லை.

கதையில் நம் ஊரே வரவில்லை என்று சொன்னால் அது தவறு. மு.வரதராசனாரின் 'அகல் விளக்கு' வாலாஜாபேட்டையில் நடக்கிறது. பெயரை மாற்றவில்லை, பாலாற்றையும் மறைக்கவில்லை. வேலய்யன் நிதானமாக வளர, அழகும் அறிவும் மிகுந்த சந்திரன் கெட்டு அழிகிற கதை. 1961-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நாராயண் 'வழிகாட்டி'க்கு அதே விருது வாங்கியது அதற்கு முந்தைய வருடம். பேரணாம்பட்டு அழகிய பெரியவனும் நம் பக்கத்து மனிதர்களை எழுதுகிறார், அவரும் ஆசிரியர்தான். 'தகப்பன் கொடி' கிடைத்தால் படியுங்கள்.

ஆவாரம்பட்டைக் காலத்தில் டேனரியில் வேலை பார்த்த தாத்தா, பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி எனக்கு அனுப்புங்கள். போனில் பேசிப் பதிவு செய்தாலும் சரி. எந்தத் தெரு, என்ன கூலி, எத்தனை மணிக்குச் சங்கு ஊதும் என்பதை விட்டுவிடாதீர்கள். எழுத்துப்பிழை இருந்தால் பரவாயில்லை, இந்த முறை திருத்த மாட்டேன்.