உழைப்பாளியின் உடுப்பு: கில்ட்டும் அதன் விலையும்



ஸ்காட்லாந்து நாட்டு ஆடவர் இடுப்பில் அணியும் கொசுவ ஆடையைக் 'கில்ட்' என்பர். எடின்பர்க்கிலும் கிளாஸ்கோவிலும் பயிலச் செல்லும் நம் பிள்ளைகள் சிலர், அங்கே நடக்கும் நடனக் கூடல்களுக்காக அதனை வாங்க விரும்புகின்றனர். (அக்கூடலுக்கு 'கேய்லி' என்று பெயர். நம் கைலிக்கும் அதற்கும் உறவில்லை!) மாணவர் ஒருவரின் தந்தையார் என்னிடம், "ஐயா, நல்ல கில்ட் பல நூறு பவுன் ஆகுமாம். பருத்தியில் பைகள் வைத்துத் தைத்த மலிவானதும் இருக்கிறதாம். ஆனால் அது போலி, உடுத்தினால் அந்நாட்டு மரபுக்கே இழுக்கு என்று இவன் நண்பர்கள் சொல்கிறார்களாம். உண்மைதானா?" என்று வினவினார். பிறர் மரபை மதிக்க வேண்டும் என்ற அவருடைய அக்கறை போற்றத்தக்கது. எனினும், வரலாறு அந்த நண்பர்கள் பக்கம் இல்லை.

கில்ட்டின் மூத்த வடிவம் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. 1594இல் ஹெப்ரிடீஸ் தீவுகளிலிருந்து அயர்லாந்துக்குக் கூலிப்படையினராக வந்தோர், மேற்போர்வைக்கு வெளியே இடைவார் கட்டியிருந்ததாக அயர்லாந்து நூல் ஒன்று வருணிக்கிறது. அது தைத்த ஆடையன்று. நீண்ட கம்பளித் துணி. அக்காலத் தறிகள் குறுகியவை ஆதலால், இரண்டு துணிகளை நீளவாக்கில் இணைத்து அகலமாக்கினர். இடைவாரைத் தரையில் பரப்பி, அதன்மேல் துணியை விரித்துக் கொசுவம் வைத்து, அதிற் படுத்துச் சுற்றி வாரை இறுக்குவது உடுத்தும் முறைகளுள் ஒன்று. கீழ்ப்பாதி முழங்கால்வரை தொங்கும். மேற்பாதி தோளுக்குச் செல்லும். மழை வந்தால் அதுவே முக்காடு. இரவு வந்தால் அதுவே போர்வை. ஈரமலைகளில் மாடு மேய்த்தோருக்கு இதனினும் சிக்கனமான உடுப்பு வேறு எது?

மேற்பாதியை நீக்கிய 'சிறு கில்ட்' எவ்வாறு வந்தது என்பதில்தான் வழக்கே இருக்கிறது. தாமஸ் ராலின்சன் என்னும் ஆங்கிலேயர் 1727 அளவில் இன்வர்கேரியில் இரும்பு உலை ஒன்றை அமைத்தார். மரம் வெட்டவும் கரி சுடவும் மலைநாட்டவரை வேலைக்கு அமர்த்தினார். அவர்களுடைய நீண்ட துணி வேலைக்கு இடையூறாக இருப்பதைக் கண்டு, கீழ்ப்பாதியைத் தனியே பிரித்துக் கொசுவங்களைத் தைத்து நிலைப்படுத்தினாராம். அவ்வட்டாரக் குலத்தலைவரும் அதனை உடுத்தினாராம். 1768இல் எழுதப்பட்டு 1785இல் அச்சேறிய மடல் ஒன்று இவ்வாறு கூறுகிறது. வரலாற்றறிஞர் ஹியூ ட்ரெவர்ரோப்பர் 1983இல் வெளிவந்த கட்டுரையொன்றில் இதனை எடுத்துக்காட்டி, கில்ட் தொன்மையானதன்று, ஓர் ஆங்கிலேயர் புனைந்தது என்று வாதிட்டார். ராலின்சனுக்கு முன்பே மலைநாட்டவர் சிறு கில்ட் உடுத்தினர் என மறுப்போரும் உளர். எனக்கு இந்தச் சண்டையைவிட, இரு தரப்பினரும் மறுக்காத ஒன்றே முக்கியமாகப்படுகிறது. யார் வெட்டினாலும், அது உழைக்கும் மனிதனின் வசதிக்காக வெட்டப்பட்டது.

பின்னர் அரசியல் புகுந்தது. 1746 ஏப்ரல் 16இல் கலோடன் போர்க்களத்தில் ஜேக்கபைட் படை தோற்றது. அதே ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தால், 1747 ஆகஸ்ட் 1 முதல் மலைநாட்டு ஆண்களும் சிறுவர்களும் தம் உடையை அணிவது குற்றமாயிற்று. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுமுறை பிடிபட்டால் கடல்கடந்த குடியேற்றத் தோட்டங்களுக்கு ஏழாண்டு நாடுகடத்தல். பிரிட்டிஷ் படையில் சேர்ந்தவருக்கு மட்டும் விலக்கு! தந்தையின் உடையை உடுத்த வேண்டுமானால், தந்தையைத் தோற்கடித்த மன்னருக்காகத் துப்பாக்கி ஏந்த வேண்டும். 1782இல் அச்சட்டம் நீக்கப்பட்டபோது முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. ஒரு தலைமுறை அவ்வுடையின்றியே வளர்ந்து முடிந்திருந்தது.

ஏழையின் உடை தடைக்குப் பின் செல்வரின் உடையாகத் திரும்பிற்று. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பர்க்குக்கு வந்தார். வரவேற்பை வடிவமைத்தவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். மன்னர் தசைநிறக் காலுறையோடும் கில்ட்டோடும் காட்சியளித்தார். அந்த மலைநாட்டு அலங்காரத்துக்கு ஆன செலவு 1,354 பவுன் 18 ஷில்லிங். மாடு மேய்ப்பவனின் போர்வைக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

குலத்துக்கு ஒரு கட்டம் என்னும் வழக்கமும் பெரும்பாலும் அக்காலத்தில் இறுகியதே. பானக்பர்னிலிருந்த வில்சன் நெசவு நிறுவனத்தின் 1819ஆம் ஆண்டு மாதிரி ஏட்டில், பல கட்டங்களுக்கு எண்களே பெயராக இருந்தன. 1842இல் சோபியெஸ்கி ஸ்டூவர்ட் எனத் தம்மை அழைத்துக்கொண்ட உடன்பிறப்பினர் இருவர், பண்டை ஏட்டுச்சுவடியிலிருந்து எடுத்ததாகக் கூறிக் குலக்கட்டங்களின் நூலொன்றை வெளியிட்டனர். அது புனைவு என்று பின்னர் மெய்ப்பிக்கப்பட்டது. ஆகவே, குலக்கட்டமின்றி ஒற்றை நிறத்தில் கில்ட் உடுத்தினால் எந்தத் தொன்மையும் குலைந்துவிடாது.

துணியின் அளவும் கூடிற்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தைக்கப்பட்டவற்றுக்கு ஏறத்தாழ 4 கஜம் போதுமானதாக இருந்தது. நெருக்கமான கத்தி மடிப்புகள் பரவியபின் அது 8 கஜமாயிற்று. 8 கஜக் கனத்த கம்பளி, கைத்தையல், பல மணிநேர உழைப்பு: இன்றைய விலையின் காரணம் இதுதான். அவ்விலை நேர்மையானதே, ஆனால் அது ஆதிமரபின் விலையன்று.

படைவீரர்களோ கில்ட்டை மீண்டும் வேலையுடுப்பாக்கினர். போயர் போரில், அதாவது 1899க்கும் 1902க்கும் இடையில், கில்ட்டின்மேல் காக்கி முன்துணி கட்டினர். நம் மண்ணுக்கும் இதில் ஒரு பங்குண்டு. 1942 ஜனவரி 31இல் ஜொகூர் பாலத்தைக் கடைசியாகக் கடந்து சிங்கப்பூருக்குள் வந்த ஆர்கைல் படையினரை, பைக்குழல் வாசிப்போர் இருவர் இசைத்து அழைத்து வந்தனர். மலாயாக் காட்டில் அவர்கள் போரிட்டதோ அரைக்காற்சட்டையில்! தட்பவெப்பத்துக்கு ஏற்ப உடுத்துவதை அவர்களே இழிவாகக் கருதவில்லை.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்டீவன் வில்லேகாஸ் என்பவர், தடித்த பருத்தியில் பைகளும் அழுத்துப் பொத்தான்களும் கொண்ட கில்ட்டுகளை விற்கத் தொடங்கினார். 'பயன்பாட்டுக் கில்ட்' என்னும் வகை அதன்பின் பரவிற்று. பாகிஸ்தானின் சியால்கோட் நகரத் தையலகங்கள் அதை மலிவாக்கின. இன்வர்கேரியின் கரி சுடுபவனுக்கு இதைக் காட்டினால், பைகளைக் கண்டு மகிழ்ந்திருப்பான் என்றே நினைக்கிறேன்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியது தையலையே. கொசுவங்கள் இடுப்பிலிருந்து பிட்டம்வரை தைத்து அடக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்குக் கீழே ஒவ்வொரு மடிப்பின் விளிம்பிலும் தையல் ஓடியிருந்தால் நன்று. இல்லையேல் ஒவ்வொரு சலவைக்குப் பின்னும் இஸ்திரிப் பெட்டியோடு மல்லாட வேண்டும். மெல்லிய துணி வேண்டவே வேண்டா. ஸ்காட்லாந்தின் காற்று அதனைத் தூக்கிவிடும். கட்டமிட்ட துணிதான் வேண்டுமென்றால், பாலியெஸ்டரும் விஸ்கோசும் கலந்தது கம்பளியைவிட மலிவு. மடிப்பும் நிற்கும், வீட்டிலும் துவைக்கலாம். காற்சட்டை அளவைச் சொல்லி வாங்காதீர்கள். மரபுவழிக் கில்ட் தொப்புள் மட்டத்தில் நிற்கும், பயன்பாட்டுக் கில்ட் சற்றுக் கீழே நிற்கும். நாடாவால் அளந்தே சொல்லுங்கள். நிமிர்ந்து மண்டியிட்டால் கீழ்விளிம்பு தரையைத் தொடக்கூடாது. ஆடவருக்கு முன்மடிப்பின் திறப்பு வலப்பக்கம் வரும்.

திருமணத்துக்கும் பட்டமளிப்புக்கும் இந்தப் பருத்திக் கில்ட் பொருந்தாது. அதற்காக எட்டுக் கஜம் வாங்கவும் தேவையில்லை. அந்நாட்டு நகரங்களில் முழு அலங்காரத்தையும் நாள்வாடகைக்குத் தரும் கடைகள் உள்ளன. அவ்வூர் மாப்பிள்ளைகளே பலர் வாடகைக்குத்தான் எடுக்கின்றனர்.