வீட்டுப் பஞ்சு கேக்கின் வரலாறு

வீட்டுப் பஞ்சு கேக் என்பது முட்டை, சர்க்கரை, மைதா ஆகிய மூன்றை மட்டும் அடிப்படையாகக் கொண்டு, சிறு கிண்ணங்களில் ஊற்றிச் சுட்டெடுக்கப்படும் மெத்தென்ற இனிப்புப் பண்டம் ஆகும். வெண்ணெய், பேக்கிங் பவுடர் போன்றவை சேர்க்கப்படலாம். ஆனால் அவை கட்டாயம் அல்ல. ஐரோப்பாவில் தோன்றிய இப்பண்டம் ஆங்கிலேயர் காலத்தில் பங்களாச் சமையலறைகளுக்கும், பின்னர் பேக்கரிகளுக்கும், கடைசியாகத் தமிழக வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. சேலம், நாமக்கல் சமவெளியில் உள்ள வாழப்பாடி போன்ற ஊர்களில் இன்று ஒரு குழந்தை தன் கையால் முட்டையை அடித்துக் கேக் செய்ய முடிகிறது. முட்டை, மாவு, அடுப்பு ஆகிய மூன்றும் சாதாரண வீட்டுக்கு எட்டிய கதையே இப்பண்டத்தின் வரலாறு எனலாம்.

பெயர்

கேக் என்னும் ஆங்கிலச் சொல் ‘காக்கா’ என்னும் பழைய நோர்சு மொழிச் சொல்லிலிருந்து வந்தது. இதைத் தமிழில் அணிச்சல் என்றும், பேக்கரியை வெதுப்பகம் என்றும் எழுதுவோர் உண்டு. பேச்சு வழக்கில் கேக், பேக்கரி என்பனவே நிலைத்துவிட்டன. உள்ளே நுண்ணிய துளைகளுடன், அழுத்தினால் அமுங்கி மீண்டும் எழும் தன்மை இருப்பதால் பஞ்சு கேக் அல்லது ஸ்பாஞ்ச் கேக் என்று பெயர்.

தோற்றம்

இட்லியும் ஆப்பமும் மாவு புளிப்பதால் உப்புகின்றன. பஞ்சு கேக்கின் தொடக்க வடிவம் புளிக்கவைக்கப்படாதது. அடித்த முட்டைக்குள் சிக்கிக்கொள்ளும் காற்றே அதை உப்பச் செய்கிறது. இங்கிலாந்தில் 1615ஆம் ஆண்டில் வெளிவந்த கெர்வேஸ் மார்க்கம் என்பவரின் இல்லத்தரசிகளுக்கான நூலில் உள்ள குறிப்பு, ஆங்கிலத்தில் கிடைக்கும் மிகப் பழைய பஞ்சு கேக் குறிப்புகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

அதற்கு முன்பே ஐபீரியத் தீபகற்பத்தில் இத்தகைய கேக் வழக்கில் இருந்தது. போர்த்துக்கீசியர் 1543இல் சப்பானை அடைந்தனர். 1571இல் நாகசாகி துறைமுகம் அவர்களுடைய வணிகத்துக்குத் திறக்கப்பட்டது. அவர்கள் வழியாகச் சென்ற கேக் அங்கே ‘காஸ்டெல்லா’ என்று பெயர்பெற்றது. முட்டை, சர்க்கரை, மாவு மட்டுமே கொண்டு, வெண்ணெயும் பாலும் இல்லாமல் செய்யப்பட்டதால், பால்பொருள் பழக்கம் இல்லாத சப்பானியச் சமையலோடு அது எளிதில் கலந்தது. 1624இல் நாகசாகியில் தொடங்கிய ஃபுக்குசாயா என்னும் காஸ்டெல்லாக் கடை இன்றும் இயங்குகிறது.

கேக்கைச் சிறு கிண்ணங்களில் சுடும் வழக்கமும் பழையதே. அமெரிக்காவில் 1796இல் அமெலியா சிம்மன்ஸ் எழுதிய சமையல் நூலில் சிறு கிண்ணங்களில் சுடும் கேக் இடம்பெறுகிறது. 1828இல் எலிசா லெஸ்லியின் நூலில் ‘கப் கேக்’ என்ற பெயரே வந்துவிட்டது. சூடு மெதுவாகவும் சீரற்றும் இருந்த அக்கால அடுப்புகளில், பெரிய கேக்கைவிடச் சிறு கேக்குகள் விரைவாக வெந்தன.

கை வேலையும் கருவிகளும்

பழைய கேக்கின் பெரும் செலவு உடல் உழைப்பே. 1747இல் வெளியான ஹன்னா கிளாஸின் புகழ்பெற்ற சமையல் நூல், ஒரு பவுண்டு கேக்குக்கு மாவுக் கலவையை ஒரு மணி நேரம் கையாலோ பெரிய மரக்கரண்டியாலோ அடிக்கச் சொல்கிறது. வசதியான வீடுகளில் இந்த வேலை பணியாட்களின் தலையில் விழுந்தது.

இந்த உழைப்பை இரண்டு கண்டுபிடிப்புகள் குறைத்தன. முதலாவது பேக்கிங் பவுடர். பர்மிங்காம் நகர வேதியியலாளர் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவரின் மனைவிக்கு முட்டையும் ஈஸ்ட்டும் ஒவ்வாதவை. அவருக்காகவே பேர்ட் 1837இல் முட்டையில்லாக் கஸ்டர்டு பவுடரையும், 1843இல் பேக்கிங் பவுடரையும் உருவாக்கினார். பேக்கிங் பவுடரில் உள்ள சோடாவும் அமிலப் பொருளும் ஈரம் பட்டதும் வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடுகின்றன. அந்த வாயு மாவை உப்பச் செய்கிறது. இரண்டாவது, கைப்பிடியைச் சுற்றினால் சுழலும் முட்டை அடிப்பான். அமெரிக்காவின் டர்னர் வில்லியம்ஸ் 1870இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

சென்னை மாகாணத்தில்

19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் கேக் என்பது ஐரோப்பியர் வீட்டுப் பண்டம். சேலம் பகுதியில் அவர்கள் குடியேறிய இடம் ஏற்காடு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் அங்கே காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். தோட்டங்களைத் தொடர்ந்து பங்களாக்களும் பள்ளிகளும் எழுந்தன.

அக்காலப் பங்களாச் சமையலைப் பற்றி அறிய, ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் ராணுவ அதிகாரி கென்னி ஹெர்பர்ட் எழுதி 1878இல் சென்னையில் வெளியான சமையல் நூல் உதவுகிறது. பங்களாவின் சமையற்கட்டு வீட்டை விட்டுத் தள்ளி, வெளிச்சமும் காற்றும் போதாத கொட்டகையாக இருந்த நிலையை அவர் கண்டித்து எழுதினார். அதே நூலில் தமிழ்ச் சமையற்காரர் தம் சொந்தப் பெயரால் அல்லாமல் ‘ராமசாமி’ என்ற பொதுப்பெயரால் சுட்டப்படுகிறார். மேசைக்கு வந்த உணவின் குறிப்புகள் நூலில் ஏறின; சமைத்தவரின் பெயர் ஏறவில்லை. அத்தகைய சமையற்கட்டுகளில் வேலை பார்த்தவர்களே தமிழ்நாட்டில் கேக் செய்யக் கற்ற முதல் தலைமுறையினர்.

இதற்கு விலக்காகப் பெயர் நிலைத்த ஒருவர் மாம்பள்ளி பாபு. அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த தலச்சேரியில் அவர் 1880இல் ராயல் பிஸ்கட் ஃபாக்டரியைத் தொடங்கினார். 1883இல் மர்டாக் பிரவுன் என்னும் தோட்ட உரிமையாளர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கிறித்துமசு கேக்கைக் காட்டி, அதுபோல் ஒன்று செய்யக் கேட்டார். பாபு உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டு அதைச் செய்து கொடுத்தார் என்று கூறப்படுகிறது. இந்தியர் ஒருவர் செய்த முதல் கிறித்துமசு கேக் என இது போற்றப்படுகிறது.

பேக்கரியும் முட்டையில்லாக் கேக்கும்

பேக்கரி பரவியபோது முட்டை ஒரு தடையாக நின்றது. முட்டை உண்ணாத குடும்பங்கள் கேக்கைத் தொடவில்லை. இதற்கு விடை தந்தது ஐயங்கார் பேக்கரி. ஹாசன் பகுதியைச் சேர்ந்த திருமலாச்சார் 1898இல் பெங்களூரு சிக்பேட்டையில் தொடங்கிய கடை இவ்வகைப் பேக்கரிகளுக்கு முன்னோடி. முட்டை சேர்க்காத பண்டங்களுக்கு இவை பெயர்பெற்றன. காலப்போக்கில் ‘பெங்களூர் ஐயங்கார் பேக்கரி’ என்ற பலகை தமிழகத்தின் சிற்றூர்கள் வரை வந்துவிட்டது. முட்டையில்லாக் கேக்கில் காற்றுக்குப் பதிலாகச் சோடா வேலை செய்கிறது. தயிரின் புளிப்பும் சமையல் சோடாவும் சேர்ந்து வாயுவை உண்டாக்குகின்றன.

சேலம், கொங்குப் பகுதிகளில் பேக்கரி என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் ஏற்பட்டது. தேநீரும் தேங்காய் பன்னும் வெண்ணெய் பிஸ்கட்டும் கிடைக்கும் சாலையோரத் தேநீர்க் கடையே இங்கே பேக்கரி. சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த வாழப்பாடியும் இவ்வழக்கத்துக்கு விலக்கல்ல. கண்ணாடிப் பெட்டிக்குள் காகிதத்தில் பொதிந்திருக்கும் சிறு கேக்கே இப்பகுதிக் குழந்தைகள் பலர் முதலில் கண்ட கேக்.

மாவு

வாழப்பாடிச் சுற்றுவட்டாரம் மரவள்ளி, பாக்கு, பருத்தி, மஞ்சள் விளையும் பூமி. கம்பு, சோளம், கேழ்வரகு ஆகியவை பழைய உணவுத் தானியங்கள். கோதுமை இங்கே விளையவில்லை. 1956இல் அமெரிக்காவுடன் செய்த பி.எல். 480 ஒப்பந்தத்தின் கீழ்க் கோதுமை பெருமளவில் இறக்குமதியானது. அரசு நிறுவனமான மாடர்ன் பேக்கரீஸ் 1965இல் தொடங்கப்பட்டது. பிந்தைய பசுமைப் புரட்சியால் வடஇந்தியக் கோதுமையும் பெருகி, மைதா மளிகைக் கடைச் சரக்கானது.

கேக்குக்குப் பொருந்தும் உள்ளூர் மாவும் உண்டு. சேலம் வட்டாரத்தில் குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளியிலிருந்து ஸ்டார்ச்சும் ஜவ்வரிசியும் எடுக்கும் தொழில், இரண்டாம் உலகப் போரால் வெளிநாட்டுச் சரக்கு நின்றிருந்த 1943ஆம் ஆண்டு வாக்கில் சேலத்தில் தொடங்கியது. மாணிக்கம் செட்டியார், போபட்லால் ஷா ஆகியோர் இதன் முன்னோடிகள். கேக் மென்மையாக வர மைதாவில் சோள ஸ்டார்ச் கலப்பது வழக்கம். அதற்குப் பதிலாகக் குச்சிக்கிழங்கு ஸ்டார்ச்சைக் கலந்தாலும் அதே பயன் கிடைக்கும். மைதாவின் பசைத்தன்மை குறைவதே காரணம்.

முட்டை

நாட்டுக்கோழி வளர்த்த வீடுகளில் முட்டை எளிதில் உடைக்கப்படும் பொருளாக இருக்கவில்லை. அடை வைத்தால் குஞ்சு, விற்றால் காசு. உண்பதென்றால் பெரும்பாலும் நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும். மூன்று முட்டையை உடைத்துக் குழந்தையின் விளையாட்டுக்குக் கொடுப்பது அந்நிலையில் நினைத்துப் பார்க்க முடியாதது.

1970களில் நாமக்கல் பகுதியில் வளரத் தொடங்கிய கோழிப்பண்ணைகள் இதை மாற்றின. அப்போது நாமக்கல், சேலம் மாவட்டத்தின் பகுதி. 1997 சனவரி 1 முதல் தனி மாவட்டம். 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தோன்றியது. நாமக்கல் மண்டல முட்டை விலை நாளிதழ்களின் அன்றாடச் செய்தி ஆனது. இன்று இங்கே நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை உற்பத்தியாகிறது.

முட்டை குழந்தைகளின் தட்டுக்கு வந்ததில் பள்ளிக்குப் பெரும் பங்கு உண்டு. 1982 சூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. 1989இல் கலைஞர் அரசு இரு வாரத்துக்கு ஒரு முட்டையைச் சேர்த்தது. படிப்படியாக உயர்ந்து, 2010 முதல் பள்ளி வேலைநாள் ஐந்திலும் முட்டை என்றானது. முட்டை உண்ணாத குழந்தைகளுக்கு வாழைப்பழம் தரப்பட்டது. வீட்டில் அரிதாக இருந்த பொருள், ஏழைக் குழந்தைக்கும் உரிமையான உணவாக மாறியது.

அடுப்பு

ஓவன் இல்லாத வீட்டில் கேக் சுடுவது எப்படி என்பது கடைசிக் கேள்வி. 1950களின் இறுதியில் இந்தியாவிலேயே பிரஷர் குக்கர் தயாரிப்பு தொடங்கியது. சாதம் வேகும் அதே குக்கரை ஓவனாக்கும் உத்தியை இல்லத்தரசிகள் கையாண்டனர். அடியில் மணலோ கல்லுப்போ பரப்பி, மேலே தாங்கி வைத்து, நீர் விடாமல், வெயிட்டும் கேஸ்கட்டும் போடாமல் மூடிச் சூடாக்குவதே அம்முறை. உலர்சூடு குக்கரைக் கெடுக்கும் என்பதால், பழைய கனமான அலுமினியப் பாத்திரத்தைப் பயன்படுத்துவது நல்லது. குழிப்பணியாரக் கல்லில் நெய் தடவிச் சிறுதீயில் மூடிச் சுடும் வழக்கமும் உண்டு. சிறு கேக்குக்கு ஏற்ற குழிகள் அதில் முன்பே இருந்தன.

குழந்தைகளுடன் செய்யும் முறை

மூன்று முட்டை, 90 கிராம் பொடித்த சர்க்கரை, 90 கிராம் மைதா, ஒரு சிட்டிகை உப்பு, சில துளி வெனிலா எசன்ஸ் ஆகியவை பத்துச் சிறு கிண்ணங்களுக்குப் போதும். மைதாவில் இரண்டு மேசைக்கரண்டியைக் குறைத்து, அந்த அளவுக்குக் குச்சிக்கிழங்கு ஸ்டார்ச் சேர்க்கலாம்.

1. மைதாவை இரண்டு முறை சலிக்க வேண்டும். இது சிறு குழந்தைகளும் செய்யக்கூடிய வேலை.
2. வெள்ளைக்கருவையும் மஞ்சள்கருவையும் தனித்தனியே எடுக்க வேண்டும். வெள்ளைக்கருவில் துளி மஞ்சள்கருவோ எண்ணெய்ப் பிசுக்கோ கலந்தால் நுரை எழாது.
3. வெள்ளைக்கருவை உப்புடன் நுரை நிற்கும் வரை அடிக்க வேண்டும். பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம் சரியானது.
4. மஞ்சள்கருவைச் சர்க்கரை, எசன்ஸுடன் வெளிர்நிறமாகும் வரை அடிக்க வேண்டும். கரண்டியிலிருந்து வழியும் கலவை கம்பிக் கோலம் போலச் சில நொடிகள் மேலே நிற்க வேண்டும்.
5. இரண்டையும் மைதாவையும் சிறிது சிறிதாக, அடியிலிருந்து மேலாகப் புரட்டிக் கலக்க வேண்டும். வேகமாகக் கிளறினால் காற்று வெளியேறிவிடும்.
6. நெய் தடவிய கிண்ணங்களில் முக்கால் அளவு ஊற்றி, முன்பே சூடான பாத்திரத்தில் 15 முதல் 20 நிமிடம், அல்லது 180 பாகை செல்சியசு ஓவனில் 12 முதல் 15 நிமிடம் சுட வேண்டும். குச்சியால் குத்தினால் மாவு ஒட்டக் கூடாது.

அடுப்பு வேலை பெரியவர்களுக்கு உரியது. பச்சை முட்டையைத் தொட்டபின் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். பச்சை மாவைச் சுவைக்க விடக் கூடாது.

சூட்டில் நுரைக்குள் உள்ள காற்று விரிகிறது; முட்டைப் புரதம் இறுகிச் சுவராகிறது; மாவுச்சத்து நீரை உறிஞ்சி அச்சுவரைத் தாங்குகிறது. இடையில் மூடியைத் திறந்தால், சுவர் இறுகும் முன் சூடு குறைந்து கேக் அமுங்கிவிடும். காற்று விரிதல், புரதம் இறுகுதல், வாயு உண்டாதல் ஆகிய பாடங்களைக் குழந்தைகள் இதன் வழியே கண்ணால் கண்டு அறியலாம்.

அண்மைக் காலம்

2020 மார்ச்சு இறுதியில் தொடங்கிய பொதுமுடக்கத்தில் பள்ளிகள் மூடப்பட்டன. கடைகளின் நேரம் குறைந்தது. பிறந்தநாள் கேக்கை வீட்டிலேயே செய்யும் முயற்சி அப்போது பெருகியது. யூடியூப் தமிழ்ச் சமையல் காணொளிகள் அளவையும் பதத்தையும் கற்றுத் தந்தன. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் 2021 நவம்பர் 1 அன்றே பள்ளிக்குத் திரும்பினர். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில் சமையலறை பல குழந்தைகளுக்கு ஆய்வுக்கூடமாகவும் இருந்தது. பெண் பிள்ளைகளோடு ஆண் பிள்ளைகளும் கரண்டி பிடித்தனர்.

பெயர் தெரியாத சமையற்காரர்கள் பிறர் மேசைக்காக முட்டை அடித்த காலத்திலிருந்து, குழந்தை தன் வீட்டுக்காகத் தானே அடிக்கும் காலம் வரை ஏறத்தாழ 150 ஆண்டுகள் கடந்துள்ளன. செய்முறை பெரிதாக மாறவில்லை. அதைச் செய்பவரும் உண்பவரும் ஒருவரே ஆனதுதான் பெரிய மாற்றம்.