கேடயத்துக்கு என்ன நிறம்?

எகிப்தின் அஸ்யூத் நகரில், ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆளுநனாக இருந்தவன் மெசெஹ்தி. அவன் கல்லறையிலிருந்து இரண்டு மரப்படைகள் வெளிப்பட்டுக் கெய்ரோ அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. ஒன்றில் ஈட்டி ஏந்திய எகிப்தியர் நாற்பது பேர்; மற்றதில் வில் ஏந்திய நூபியர் நாற்பது பேர். வரிசைக்கு நால்வராகப் பத்து வரிசைகள், எல்லாரும் இடக்காலை முன்வைத்து நடக்கிறார்கள். ஒவ்வொருவனும் இரண்டடி உயரத்துக்கும் குறைந்தவன். எகிப்தியரின் கேடயங்கள்தாம் நம் கண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன. மாட்டுத்தோல் போர்த்த கேடயங்கள் அவை. ஒன்றில் கரும்புள்ளி, ஒன்றில் செந்திட்டு, ஒன்றில் வெண்மையே மிகுதி. ஆட்களின் உயரமும் ஒன்றுபோல் இல்லை. இறந்த தலைவனுக்குத் துணையாக இருட்டுக்குள் போகவேண்டிய பொம்மைகளுக்கு இத்தனை அக்கறை!

அந்தக் கைவினைஞனுக்கு ஒரு வசதி இருந்தது. கேடயத்தின் நிறத்தில் ஐயம் வந்தால் பட்டறையை விட்டு வெளியே வந்து, தெருவில் போகும் வீரனைப் பார்த்துக்கொள்ளலாம். இன்று பண்டைய உலகின் படைகளைச் சிற்றுருக்களாக வார்த்து, வண்ணமிட்டு, மேசைமீது போருக்கு நிறுத்துகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. நாம் பேசவந்தது இவர்களைப் பற்றித்தான்.

பொம்மை வீரர்களைக் கொண்டு பெரியவர்களும் விதிமுறையோடு போர் விளையாடலாம் என்பதை இங்கிலாந்தில் பரவச் செய்த நூல், எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்'. மறு ஆண்டே உண்மையான பெரும்போர் வந்துவிட்டது. பண்டைக்காலப் படைகள் மேசைக்கு வர இன்னொரு தலைமுறை ஆயிற்று. டோனி பாத் என்பவர் வகுத்த பண்டைக்காலப் போர் விதிகளை, டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962இல் தம் 'வார் கேம்ஸ்' நூலில் சேர்த்து அச்சிட்டார். 1965இல் 'சொசைட்டி ஆஃப் ஏன்ஷியன்ட்ஸ்' தோன்றியது. அதன் இதழின் பெயர் 'ஸ்லிங்ஷாட்'. 1969இல் ஃபில் பார்க்கரும் நண்பர்களும் வெளியிட்ட விதிநூல் ஒரு கணக்கை நிலைப்படுத்தியது: ஒரு பொம்மை இருபது வீரர்களுக்குச் சமம்.

இக்கணக்கைக் கி.மு. 216இல் நடந்த கான்னே போருக்குப் பொருத்திப் பார்ப்போம். ரோமானியர் தரப்பில் காலாள் 80,000, குதிரை 6,000க்குச் சற்று மேல். ஹனிபால் தரப்பில் காலாள் 40,000, குதிரை 10,000 என்கிறார் பொலிபியஸ். இருபதால் வகுத்தால் மேசைமேல் 6,800 பொம்மைகள் நிற்கவேண்டும். அலுவலகம் விட்டு வந்து மாலைக்குப் பத்துப் பொம்மை முடிக்கிற ஒருவருக்கு இது 680 மாலை நேர உழைப்பு. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு. நடுவில் காய்ச்சல், கல்யாணம் எதுவும் வரக்கூடாது. ஆகவே பெரும்பாலோர் போரைச் சுருக்கிக்கொள்கிறார்கள், அல்லது பொம்மையைச் சுருக்கிக்கொள்கிறார்கள். 28 மில்லிமீட்டர் வீரன் 15 ஆகி, 6 வரைக்கும் குறைந்ததுண்டு. 1990இல் வந்த ஒரு விதிநூல் படைக்குப் பன்னிரண்டே அடித்தட்டுகள் போதும் என்றே சொல்லிவிட்டது. இருந்தும் ஆயிரக்கணக்கில் நிறுத்திப் பார்த்தே தீருவது என்று பிடிவாதம் பிடிக்கும் சிலர் எப்போதும் இருக்கிறார்கள். நம் அனுதாபம் அவர்கள் பக்கமே.

அவர்கள் வேலை செய்யும் முறை நெசவுக்கூடத்தை நினைவூட்டுவது. ஒரு வீரனை எடுத்து முடித்துவிட்டு அடுத்தவனுக்குப் போவதில்லை. ஐம்பது பேரைக் குச்சிகளில் ஒட்டி நிறுத்தி, அடிப்பூச்சு தந்து, முதலில் எல்லாருக்கும் தோல்நிறம், பின் எல்லாருக்கும் உடை, பின் வார், பின் உலோகம். நீர்த்த கருஞ்சாயம் ஒன்றை மேலே ஓடவிட்டால் அது மடிப்புகளில் தங்கி நிழலாகிவிடும். மாசிடோனியரின் நெடிய ஈட்டிகளுக்கு, வார்ப்பு ஈயம் வளைந்துவிடும் என்பதால் எஃகுக் கம்பியை வெட்டிப் பொருத்துவார்கள், விரலில் குத்தும். 1960களின் ஏர்ஃபிக்ஸ் நெகிழிப் பொம்மைகளில் வேறு தொல்லை. வளைந்துகொடுக்கும் அந்த நெகிழியில் வண்ணம் நிற்காது, உரிந்து விழும். சவர்க்கார நீரில் கழுவுவதும், கோந்தில் முக்கி எடுப்பதும் அன்றைய கைவைத்தியங்கள். கடைசியாக நாலைந்து பேராக ஓர் அட்டைத்துண்டில் ஒட்டி, மணல் தூவி, செயற்கைப் புல் நட்டால் படையின் ஒரு துணுக்குத் தயார்.

கேடயம் மட்டும் இந்த வரிசைக்கு அடங்குவதில்லை. அங்கே கை நின்று, புத்தகம் திறக்கப்படுகிறது.

வரலாற்றாசிரியருக்கும் வண்ணம் தீட்டுபவருக்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்தில்தான் புலப்படுகிறது. ரோமானியக் காலாளின் தலைக்கவசத்தில் ஒரு முழ உயரத்துக்கு மூன்று இறகுகள் நிமிர்ந்து நிற்கும், அவை செந்நீலமாகவோ கறுப்பாகவோ இருக்கும் என்று எழுதுகிறார் பொலிபியஸ். எழுத்தில் அந்த 'ஓ'காரம் எவரையும் உறுத்துவதில்லை. தூரிகைக்கு ஓகாரம் கிடையாது. மூவாயிரம் தலைகளுக்கும் ஏதேனும் ஒன்றைத் தீர்மானித்தாக வேண்டும். 'தெரியவில்லை' என்று அடிக்குறிப்பு எழுதி ஒதுங்கும் உரிமை அறிஞருக்கு உண்டு. வண்ணமிடாத வீரனை மேசையில் நிறுத்தினாலோ, அது வேலை முடியாத பொம்மை, அவ்வளவுதான்.

பொலிபியஸ் உதவும் இடங்களும் உள்ளன. கான்னேயில் நின்ற ஸ்பானியர் செந்நீலக் கரையிட்ட லினன் சட்டை அணிந்திருந்தனர், கெல்ட்டியர் வெற்றுடம்போடு நின்றனர், ஆப்பிரிக்கரோ முந்தைய போர்களில் ரோமானியரிடம் கைப்பற்றிய கவசங்களைப் பூண்டிருந்தனர் என்கிறார். இந்த மூன்றாவது செய்தி விளையாடுவோருக்குப் பெரிய தலைவலி. எதிரியின் உடையில் நிற்கும் படையை எதிரியிலிருந்து எப்படிப் பிரித்துக் காட்டுவது? சிலர் கேடயத்தில் மட்டும் கார்த்தேஜியச் சின்னம் ஒன்றைத் தீட்டிச் சமாளிப்பார்கள். சான்று கேட்கக்கூடாது.

ஒருமுறை தீட்டியது நிலைத்தும் விடுகிறது. ஸ்பார்த்தர் என்றால் கேடயத்தில் 'லாம்டா' எழுத்து என்பது இன்று குழந்தைக்கும் தெரியும். அதற்கு அடிப்படை, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த நாடகாசிரியர் யூபோலிஸின் சிதறல் ஒன்று. அதுவும் பிற்காலத்தார் எடுத்தாண்டதால் தப்பியது. கி.மு. 480இல் தெர்மாபிலேயில் நின்றவர்களின் கேடயத்தில் அவ்வெழுத்து இருந்ததற்குச் சான்றில்லை. மேசைமேல் நிற்கும் லியோனிடஸின் வீரர்களோ பெரும்பாலும் அதைத்தான் ஏந்துகிறார்கள். ஒருவர் தீட்டினார், படம் அச்சானது, பார்த்தவர் அதையே தீட்டினார். இப்போது ஒட்டுப்படமாகவே விற்கிறார்கள்.

பிற்கால ரோமப் படைக்கு ஒரு புதையல் உண்டென்று இவர்கள் மகிழ்வதுண்டு: 'நொடிஷியா டிக்னிடாடும்'. கி.பி. 400ஐ ஒட்டிய பேரரசின் பதவிப்பட்டியல் அது. படைப்பிரிவு தோறும் கேடயச் சித்திரம் தருவது. ஆனால் மூலம் இல்லை. மூலத்தின் நகலாக ஸ்பெயரில் இருந்த சுவடியும் தொலைந்துவிட்டது. நம்மிடம் உள்ளவை அந்நகலின் நகல்களே. ஆக்ஸ்ஃபோர்டில் உள்ளது 1436இல் எழுதப்பட்டது. நகலுக்கு நகல் நிறம் மாறுகிறது. மியூனிக்கில் உள்ள சுவடியிலோ ஒன்றோடொன்று ஒத்துவராத இரண்டு தொகுதிப் படங்கள். இவற்றை அருகருகே வைத்து ஒப்பிட்டு, இந்தச் சிவப்பு எழுதியவன் கைத்தவறா, மூலத்தில் இருந்ததா என்று வாதிடும் அன்பர்களில் பலர் பல்கலைக்கழகப் படி ஏறாதவர்கள். அவர்கள் செய்வது பாடபேதம் பார்ப்பதுதான், உ.வே.சா. ஏடுகளோடு பட்ட பாட்டை அறிந்த நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

மண் நேரடியாகப் பதில் சொன்னதும் உண்டு. கி.பி. 256ஐ ஒட்டிப் பாரசீகரிடம் வீழ்ந்த சிரியாவின் தூரா யூரோப்போஸ் நகரை 1920, 30களில் அகழ்ந்தபோது வண்ணம் அழியாத கேடயங்கள் கிடைத்தன. சிவந்த தரையில் கழுகும், சிறகு கொண்ட வெற்றித் தேவதைகளும், சிங்கமும் தீட்டிய வளைந்த கேடயம் ஒன்று இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளது. ரோம வீரனின் அடையாளமாகவே நாம் எண்ணும் அவ்வகைக் கேடயத்தில் முழு உருவோடு தப்பியது அது ஒன்றே. இலட்சக்கணக்கில் செய்யப்பட்டவற்றில் ஒன்று!

விளையாட்டு முடிகையில் பழைய விதிப்படி, மடிந்தவர்களை மேசையிலிருந்து எடுத்துவிடவேண்டும். கான்னேயில் ரோமானியக் காலாள் மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் இறந்ததாகப் பொலிபியஸ் சொல்ல, காலாள் 45,500, குதிரைவீரர் 2,700 என்கிறார் லிவி. ஒருவரை நம்பினால் 3,500 பொம்மைகளை எடுக்கவேண்டும், மற்றவரை நம்பினால் 2,410. இடைப்பட்ட ஆயிரத்துத் தொண்ணூறு பொம்மைகளைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு, இரண்டு நூல்களுக்கிடையே உள்ள வேறுபாடு வெறும் எண்ணாகத் தோன்றாது. ஒவ்வொருவன் கண்ணுக்கும் அவரல்லவா புள்ளி வைத்தார்.

1990களில் பார்க்கரும் ரிச்சர்ட் பாட்லி ஸ்காட்டும் தொகுத்த படைப்பட்டியல்களில் தமிழர், சிங்களர் படைகளுக்கும் இடம் தந்திருக்கிறார்கள். யானைக்கு எத்தனை, வில்லாளர் எத்தனை என்று அங்கே கணக்கு உண்டு. நிறம் நாமே தேடிக்கொள்ளவேண்டியது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் 1931இல் கண்டறியப்பட்ட சோழர் ஓவியங்கள், சோழப்படையை நிறுத்த விரும்புவோருக்கு ஓரளவு கைகொடுக்கும். சங்ககாலப் படைக்கு ஓவியமும் இல்லை. கேடயத்துக்குத் 'தோல்' என்றே பெயர் இருந்ததால் அது எதனால் ஆனது என்பது மட்டும் தெரிகிறது.

ஆயினும் தொல்காப்பியப் புறத்திணையியலில் ஒரு குறிப்பு உண்டு. பகைவேந்தர் படைகள் கலந்து பொருகையில் இன்னார் படை என்று தெரியவேண்டிச் சேரர் பனம்பூவும், பாண்டியர் வேம்பும், சோழர் ஆத்தியும் சூடினராம். மேசையில் இரண்டு படைகளைப் பிரித்துக் காட்ட விளையாடுவோர் தேடும் வழியே இது. ஆகவே 15 மில்லிமீட்டர் சோழ வீரனுக்குத் தலையில் ஒரு புள்ளி வைத்தால் போதும். ஆனால் ஆத்தியிலும் வெளிர்நிறப் பூ பூப்பது ஒன்று, மஞ்சளாகப் பூப்பது ஒன்று. தூரிகையை எந்தக் கிண்ணத்தில் தோய்ப்பது?